ஆடத் தெரிந்த பிள்ளையை நடிக்க வைப்பது எப்படி

நன்றாக ஆடுகிற பிள்ளையை நடிக்க விட்டால் முதலில் கெட்டுப்போவது கண். கை சரியாக இருக்கும், கால் சரியாக இருக்கும், வசனமும் பாடமாக இருக்கும். கண் மட்டும் எதிரே நிற்கிற ஆளை விட்டுவிட்டுக் கமராவைத் தேடும். கொரியப் பாட்டுக் குழுக்களில் இருந்து நடிக்கப் போனவர்களும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். அவர்கள் போன வழியைக் கவனித்தால் எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவுப் பக்கம் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ரீச்சர். வீட்டில் கூத்து இருந்தது. பெரியப்பா கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் கொரியப் பாட்டுக்கு ஆடிப் பழகியவர்கள். தமிழ்த் தினப் போட்டிக்குக் குழு நடனம் பழகுகிற அதே மண்டபத்தில், நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் போனைச் சுவரில் சாத்திவைத்து பிடிஎஸ், பிளக்பிங்க் என்று தொடங்கிவிடுவார்கள். வீட்டில் அண்ணன்மார் கொரியா வேலைக்கான மொழிப் பரீட்சைக்குப் படிப்பதால் நாலைந்து கொரியச் சொல்லும் வாயில் இருக்கிறது. அவர்களுடைய ஆசை குறும்படத்தில் நடிப்பது. "ஐயூ பாட வந்தவா தானே ரீச்சர், பிறகு நடிக்கேல்லையோ?" என்று என்னையே கேட்பார்கள். நடித்தாதான். ஆனால் எந்த வரிசையில், எவ்வளவு காலம் எடுத்து என்பதைப் பார்க்க வேண்டும்.

பாடுகிறவர்கள் ஏன் நடிக்கப் போகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் 2009-இல் வர்த்தகப் போட்டி ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒரு நிறுவனம் ஒரு கலைஞரை ஏழு வருடத்துக்கு மேல் கட்டிவைப்பது கடினம். அந்த ஏழு வருடம் முடிகிற நேரத்தில் குழு இருக்குமா, கலையுமா என்ற கேள்வி வரும். ஆண்களுக்கு நடுவில் கட்டாய இராணுவ சேவை வேறு. ஆட்டத்துக்கு உடம்பு இளமையாக இருக்க வேண்டும், நடிப்புக்கு எந்த வயதிலும் பாத்திரம் இருக்கும். அதனால் பலர் குழுவில் இருக்கும்போதே ஒரு காலை நடிப்பிலும் ஊன்றிவைக்கிறார்கள்.

முதலில் பார்க்கப் பழகுதல்

ஒரு தொடரை முதலில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்து அழுது முடித்தால் நடிப்பு வராது, டேட்டாதான் முடியும். ஒரு காட்சியை மட்டும் எடுங்கள். மூன்று நிமிடம் போதும். அதை மூன்று தரம் பாருங்கள்.

முதல் தரம் சத்தத்தை நிறுத்திவிட்டு, கீழே ஓடுகிற எழுத்தையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். எழுத்தை வாசிக்கிற கண் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாம் தரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மொழி விளங்காதது இங்கே வசதி. குரல் எங்கே இறங்குகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பது மட்டும் காதில் விழும். மூன்றாம் தரம், கதைக்கிற ஆளை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆளை மட்டும் பாருங்கள்.

இதை ஒரே ஆளின் வெவ்வேறு காலப் படங்களில் செய்தால் இன்னும் விளங்கும். ஐயூ 2008-இல் தனிப் பாடகியாக வந்தவா. 2011-இல் 'ட்ரீம் ஹை' தொடரில் துணைப் பாத்திரம். 2013-இல் ஐம்பது அத்தியாய வார இறுதித் தொடர் ஒன்றில் கதாநாயகி. 2016-இல் 'மூன் லவ்வர்ஸ்' என்ற சரித்திரத் தொடரில் நடித்தபோது அவவின் நடிப்பைப் பற்றிக் கொரியாவில் கடுமையாகவே எழுதினார்கள். 2018-இல் 'மை மிஸ்டர்' வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. இந்த நாலில் மூன்றில் இருந்தாவது ஒவ்வொரு காட்சி எடுத்துப் பாருங்கள். என்ன புதிதாக வந்திருக்கிறது என்று தேட வேண்டாம். முகத்தில் இருந்து என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள். சிரிப்புக்கு முந்திய ஆயத்தம், அழுகைக்கு முந்திய ஆயத்தம், வசனம் முடிந்த பிறகும் முகத்தில் ஒட்டியிருக்கிற பாவம், இவையெல்லாம் 2018-இல் போய்விட்டன.

கண்ணைத் திருப்புதல்

கொரிய ரீவியில் வாராவாரம் நடக்கிற பாட்டு நிகழ்ச்சிகளில் பல கமராக்கள் இருக்கும். எந்தக் கமரா அந்த நொடியில் ஒளிபரப்பாகிறதோ அதில் சிவப்பு விளக்கு எரியும். ஆடிக்கொண்டே அந்த விளக்கைக் கண்டுபிடித்துப் பார்க்க அவர்களுக்குப் பயிற்சியே உண்டு. பாட்டு முடிந்ததும் ஒருவரின் முகத்தைக் கிட்டத்தில் காட்டுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே கமராவைப் பார்த்து நிற்க வேண்டும். இப்படி வருடக்கணக்காகப் பழகிய ஆளிடம் திடீரென்று "கமரா இங்கே இல்லை என்று நினை" என்றால் எப்படி இருக்கும்? எங்கள் கூத்திலும் இதே கதைதான். வட்டக்களரியில் சுற்றிவரச் சனம் இருக்கும், எல்லாப் பக்கத்துக்கும் முகம் கொடுத்து ஆட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு குறும்படத்துக்கு வந்த ஒரு மூத்த கூத்துக்கலைஞர், மனைவியிடம் சண்டை பிடிக்கிற காட்சியில் மனைவியை ஒருதரமும் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். செல்பிக் கமராவை மறந்துவிடுங்கள். போனின் பின்பக்கக் கமராவால் எடுங்கள், நடிக்கிறவர்களுக்குத் திரை தெரியவே கூடாது. முக்காலி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கதிரையில் நாலு கொப்பியை அடுக்கி அதன்மேல் சாத்துங்கள். இரண்டு பேர் எதிரெதிரே இருக்கட்டும். ஒருவர் மற்றவரின் இடது கண்ணை மட்டும் பார்த்துக் கதைக்க வேண்டும். இரண்டு கண்ணையும் பார்க்கப் போனால் விழி அங்கும் இங்கும் அலையும், கிட்டத்தில் எடுத்தால் அது வடிவாகத் தெரியும். ஒரு பின்னேரம் முழுக்க இதை மட்டும் செய்யுங்கள். எடுத்ததை அன்றைக்குப் பார்க்கக் கூடாது. ஆடுகிற பிள்ளைகள் கண்ணாடி பார்த்தே பழகியவர்கள், உடனே தங்கள் முகத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த நாள் பார்க்கட்டும்.

கண் கொஞ்சம் பணிந்த பிறகு, எக்ஸோ குழுவின் டி.ஓ. நடித்த 'மை அனொயிங் பிரதர்' படத்தில் ஒரு காட்சியைப் பாருங்கள். போட்டியில் பார்வை இழந்த யூடோ வீரராக வருகிறார். பார்த்துக் கதைக்க முடியாத பாத்திரம், ஆகவே கழுத்தும் காதும் கையும்தான் வேலை செய்கின்றன. அந்த 2016 படத்துக்காக அவருக்கு அடுத்த வருடம் புளூ டிராகன் விருதில் சிறந்த புதுமுக நடிகர் பரிசு கிடைத்தது.

கேட்கிற வேலை

என்னைக் கேட்டால் நடிப்பில் முக்கால்வாசி கேட்பதுதான். ஆட்டத்தில் இதற்கு இடமே இல்லை. அடுத்த அசைவு என்னவென்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர் ஒன்றை முடிவெடுப்பதில்லை. அதனால் ஆட்டக்காரப் பிள்ளை வசனம் கதைக்கும்போது, எதிராளி கதைத்து முடியும்வரை தன்னுடைய முறைக்காகக் காத்து நிற்கும். முகத்தில் "இப்ப என்ர இடம் வரும்" என்று எழுதியிருக்கும்.

'மை மிஸ்டர்' தொடரை நான் திரும்பத் திரும்பக் காட்டுவது இதற்காகத்தான். அதில் ஐயூவின் பாத்திரம் கடனில் மாட்டிய, பாட்டியைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண். தன்னுடைய மேலதிகாரியின் போனை ஒட்டுக்கேட்கிறாள். காதில் இயர்போன், எங்கேயோ ஒரு ஆண் கதைக்கிற குரல், மூச்சு, காலடிச் சத்தம். அவள் நடக்கிறாள், இருக்கிறாள், வேலை செய்கிறாள், கேட்கிறாள். வசனம் இல்லை. எதிரே ஆளும் இல்லை. பாட்டுக்காரியான ஐயூவுக்குக் காது நல்ல காது என்பது ஒருவேளை இங்கே உதவியிருக்கலாம், அது என்னுடைய ஊகம்.

இதை அப்படியே பயிற்சியாக்கலாம். ஒரு பிள்ளையிடம் ரகசியமாகச் சொல்லி ஒரு குரல் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றரை நிமிடம் போதும். அக்கா தங்கைக்கு அனுப்பிய செய்தி மாதிரி இருக்கட்டும்: "நான் இந்த முறை பொங்கலுக்கு வரேல்ல, அம்மாட்ட நீயே சொல்லு, காசு அடுத்த மாதம் போடுறன், மாடு கன்று போட்டுட்டுதோ?" இப்படி முக்கியமான சேதியும் முக்கியமில்லாத சேதியும் கலந்து. நடிக்கிற பிள்ளை அதை முன்கூட்டிக் கேட்கக் கூடாது. இயர்போனைக் காதில் மாட்டிவிட்டு, கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். வெங்காயம் உரிக்கலாம், கிழிந்த வலையைப் பொத்தலாம், பள்ளிச் சட்டை மடிக்கலாம். வேலை பொய்யாக இருக்கக் கூடாது, உண்மையாகவே அது முடிய வேண்டும். கேட்டுக்கொண்டே வேலை செய்வதைப் படம் எடுங்கள்.

ஒரே ஒரு கட்டளைதான்: முகத்தில் ஒன்றும் போடாதே. "பேந்து என்ன செய்யிறது ரீச்சர், சும்மா இருக்கிறதோ?" என்பார்கள். ஓம், வேலையைச் செய்துகொண்டு கேள். முதல் பதிவில் கை எங்கே நின்றது, எங்கே வேகம் கூடியது என்று பிறகு சேர்ந்து பாருங்கள். கடினமான பகுதி அடுத்து வரும். அதே பதிவை, அதே பிள்ளை, முதல்முறை கேட்கிற மாதிரி மறுபடியும் செய்ய வேண்டும். கை அதே இடத்தில் நின்றால் நடிப்பதாகத் தெரியும், வேறு இடத்தில் நின்றால் கேட்கிறதாகத் தெரியும். இந்தப் பயிற்சியை வாரக்கணக்கில் செய்யலாம், அலுக்காது.

எந்தத் தமிழில் கதைப்பது

இதில் எனக்குக் கோபமே உண்டு. எங்கள் பிள்ளைகள் வீட்டில் "எங்க போட்டு வாறாய்?" என்று கதைப்பார்கள். கமராவை வைத்ததும் "எங்கடா போயிட்டு வர்ற?" என்று சென்னைக்குப் போய்விடுவார்கள். படங்களில் கேட்டுக் கேட்டு, நடிப்பு என்றாலே அந்த மொழி என்று ஆகிவிட்டது.

ஏபிங்க் குழுவின் ஜங் உன்ஜி முதல்முதலாக நடித்தது 2012-இல் வந்த 'ரிப்ளை 1997' தொடரில். கதை நடப்பது பூசானில், அவவும் பூசான் பிள்ளை. சியோலில் பாடகியாகவோ நடிகையாகவோ வருகிறவர்கள் ஊர்ப் பேச்சை மாற்றித் தலைநகரப் பேச்சைப் பழகுவதுதான் வழமை. இந்தத் தொடரில் ஊர்ப் பேச்சிலேயே கத்திச் சண்டை பிடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையாக வந்தா. அதுவரை நடித்துப் பழக்கமே இல்லாத ஆள், ஆனால் வாய் தன் வாயாக இருந்ததால் முகமும் உடம்பும் தானாக வந்தன. அவவோடு நடித்த சோ இன்குக்கும் பாட்டுப் போட்டியில் வென்று வந்தவர்தான், பக்கத்து நகரமான உல்சான் ஊர்க்காரர்.

ஆகவே முதல் குறும்படம் உங்கள் வாயில் இருக்கட்டும். வசனத்தை எழுதி மனப்பாடம் பண்ணுவதற்கு முன், அந்தச் சூழலை அம்மம்மாவிடம் சொல்லி, "நீங்கள் என்றால் என்ன சொல்லுவியள்?" என்று கேளுங்கள். அவ சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். படித்த தமிழில் திருத்த வேண்டாம். புதுக்குடியிருப்பில் கதைப்பதும் மன்னார்ப் பக்கம் கதைப்பதும் ஒன்றல்ல, அந்த வித்தியாசம் இருக்கட்டும். படத்தை எடுத்து முடித்ததும் அம்மம்மாவுக்கே போட்டுக்காட்டுங்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தா என்றால் அந்த வரியை மாற்றுங்கள்.

குரலின் அளவும் இதோடு சேர்ந்தது. மைதானத்தில் கத்திப் பழகிய குரலை, ஒரு பாயின் அகலத்தில் இருக்கிற ஆளுக்குக் கேட்கிற அளவுக்குக் குறைக்க வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் வெளியே ஒலிப்பதிவு செய்வது வீண்வேலை, போன் மைக்கில் காற்று மட்டும்தான் இருக்கும். உள்ளே எடுங்கள். உள்ளே எடுத்தாலும், நல்ல அழுகைக் காட்சியில் பாண் ஓட்டோ பாட்டோடு வந்து நிற்கும். அதன் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பாத்திரம், வளைந்த முதுகு

குறும்படம் என்றதும் எல்லாருக்கும் கதாநாயகர் வேண்டும். யாரை டிக்டொக்கில் நிறையப் பேர் பார்க்கிறார்களோ அவரைத் தூக்கி நடுவில் போடுகிறார்கள். கொரியாவிலும் இந்தக் குறை உண்டு. மேடை நாடகத்தில் வருடக்கணக்காகக் கஷ்டப்பட்ட நடிகர்கள் இருக்க, பிரபலமான பாடகருக்கு முதல் பாத்திரம் போய்விடுகிறது என்று அங்கேயும் சனம் முணுமுணுக்கிறது. அது நியாயமான முணுமுணுப்பு என்றுதான் நானும் சொல்வேன்.

நல்லாக நிலைத்தவர்களில் பலர் ஓரத்தில் இருந்து தொடங்கியவர்கள். டி.ஓ. 2014-இல் 'கார்ட்' படத்தில் வந்தது, வேலைநிறுத்தம் செய்கிற சூப்பர்மார்க்கெட் தொழிலாளிப் பெண் ஒருத்தியின் மகனாக. கதை அம்மாவுடையது. 2பிஎம் குழுவின் ஜுன்ஹோ 2013-இல் 'கோல்ட் ஐஸ்' படத்தில் கண்காணிப்புப் பொலிஸ் குழுவில் ஒருவர், அவ்வளவுதான். அதன்பிறகு துணைப் பாத்திரம், இரண்டாம் பாத்திரம் என்று போய், 2021-இல் 'தி ரெட் ஸ்லீவ்' தொடரில் அரசராக நடித்து, 2022 பேக்சாங் விருதில் சிறந்த நடிகர் ஆனார். இடையில் ஒன்பது வருடம். உங்கள் குழுவில் நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு முதல் படத்தில் மூன்று வசனம் கொடுங்கள், நாலாவது வேண்டாம். நாடகம் படிக்கிற, கூச்சப்பட்ட பிள்ளையை நடுவில் நிறுத்துங்கள்.

உடம்பைப் பற்றி ஒன்று. ஆடுகிறவர்கள் அளவுக்கு மீறி வடிவாக நிற்பார்கள். வயலில் இருந்து வந்து களைத்த ஆளாக நடிக்கும்போதும் தோள் நிமிர்ந்தே இருக்கும். ஸீயா குழுவில் இருந்து வந்த இம் சிவான் 'மிசேங்' தொடரில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையனாக, அளவு பொருந்தாத சூட்டுக்குள் ஒடுங்கி நிற்பதைப் பாருங்கள். நடிக்கிற பிள்ளைக்கு அப்பாவின் சேட்டைப் போட்டுவிடுங்கள். இரண்டு கையிலும் தண்ணீர்க் கலன் கொடுத்து வளவை இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். வந்து நின்றதும் உடனே காட்சியை எடுங்கள். முதுகு தானாக வளைந்திருக்கும்.

ஆட்டம் கொடுத்ததை எறிந்துவிடவும் வேண்டாம். ஒரே காட்சியைப் பல தரம் எடுக்கும்போது எந்தச் சொல்லில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினேன், எந்தக் கையால் என்று நினைவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்ட முடியாது. ஆட்டக்காரப் பிள்ளை இதில் ஒருநாளும் பிழைவிடாது. குறித்த இடத்தில் வந்து நிற்பதும் அப்படித்தான். ஆட்டத்தையே கதைக்குள் கொண்டுவரவும் முடியும். 2018-இல் வந்த 'ஸ்விங் கிட்ஸ்' படத்தில் டி.ஓ., 1951-இல் கோஜே தீவுக் கைதிகள் முகாமில் காலடித்தாள நடனம் பழகுகிற வடகொரிய வீரர். யுத்தம், முகாம், அதற்குள் ஒரு ஆட்டம். வன்னியில் இதைப் பார்த்தால் நிறையக் கதை ஞாபகம் வரும்; அதை எழுதுவது உங்கள் வேலை.

வெளியே போகும்போது

பாழடைந்த வீடு வடிவாக இருக்கிறது என்று உள்ளே போகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற காணிப்பக்கம் படத்துக்காகக் கால் வைக்கவே கூடாது. பழகாத காட்டுப்பாதை என்றால் ஊர் ஆளைக் கேட்டுவிட்டுப் போங்கள். பொழுதுபட முன் காட்டோரத்தைவிட்டு வந்துவிடுங்கள், யானை வருகிற நேரம் அது. முகாம்களுக்குக் கிட்ட போனைத் தூக்க வேண்டாம். பெண்பிள்ளைகளின் வீட்டில் முதலே நேரில் போய்க் கதையைச் சொல்லுங்கள், படப்பிடிப்புக்கு ஒரு தாயையும் கூப்பிடுங்கள். நல்ல சாப்பாடும் கிடைக்கும்.

கொரியாவில் பாட, நடிக்க ஆள் எடுக்கிறோம் என்று போனுக்குச் செய்தி வரும். பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அதோடு விட்டுவிடுங்கள். அங்கே எஸ்எம், ஜேவைபி போன்ற பெரிய நிறுவனங்கள் தேர்வுக்குக் காசு வாங்குவதில்லை. கடவுச்சீட்டுப் படமோ வேறு படமோ அனுப்பக் கேட்டால் வீட்டில் பெரியவர்களுக்குக் காட்டுங்கள். உண்மையாகவே படிக்க ஆசை இருந்தால், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரில் இருக்கிற அழகியற்கற்கைகள் நிறுவகத்துக்கோ போகலாம். பஸ் காசு மட்டும்தான் செலவு.

முடித்த படத்தை யூரியூப்பில் போடுகிற அன்றைக்கு எல்லாரும் கூடி இருந்து கருத்துகளை வாசிப்பது எங்கள் பிள்ளைகளின் வழக்கம். அதை நான் விடுவதில்லை. அடுத்த படத்துக்கு வசனம் எழுதத் தொடங்கிய பிறகே முதல் படத்தைப் போடலாம். கருத்துகளை ஒரு ஆள் மட்டும் வாசிக்கட்டும், அந்த ஆள் படத்தில் நடித்தவராக இருக்கக் கூடாது. ஆட்டத்தைப் பற்றியும் முகத்தின் வடிவைப் பற்றியும் வந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, "சத்தம் விளங்கேல்ல", "அந்தத் தங்கச்சி ஏன் கோபிச்சவா எண்டு தெரியேல்ல" என்கிற மாதிரி வருபவற்றை மட்டும் கொப்பியில் எழுதி, அடுத்த பயிற்சிக்கு எடுத்துவரட்டும்.